இந்த வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையில்: இயங்குதளப் பாடம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டு விறாந்தையில் சனிக்கிழமை மாலைகளில் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். கோணேசபுரி வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படிப்பவர்கள் சிலர், நகரத்தில் டிப்ளோமா படிப்பவர்கள் சிலர், கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் பஸ் பிடித்து வருகிறவர்கள் சிலர். எல்லோருக்கும் பொதுவான தலைவலி இயங்குதளம் (விண்டோஸ், லினக்ஸ் போல, கணினியை நடத்தும் மென்பொருள்) என்ற பாடம். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எழுதிவைக்கிறேன். ஒவ்வொரு வாரமும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது என்பது இதில் என் சுயநலம்.

அக்கா, மற்றப் பாடங்கள் போகின்றன. இது மட்டும் ஏன் தலையில் ஏறுவதில்லை?

நிரலாக்கப் பாடத்தில் நீங்கள் எழுதியது திரையில் தெரிகிறது. தரவுத்தளப் பாடத்தில் அட்டவணை கண்முன்னே நிற்கிறது. இயங்குதளமோ தன்னை மறைத்துக்கொள்வதையே தொழிலாகக் கொண்டது. அது ஒழுங்காக வேலை செய்யும்வரை அது இருப்பதே நமக்குத் தெரியாது. கண்ணில் படாத ஒன்றை வரைவிலக்கணங்களால் பிடிக்கப் பார்க்கிறோம். அது வழுக்கிக்கொண்டு போகிறது.

நானும் அப்படித்தான் போனேன். செமஃபோர் என்றால் என்ன, டெட்லாக் ஏற்பட எத்தனை நிபந்தனைகள் என்று கேட்டால் தூக்கத்திலும் ஒப்பிப்பேன். பரீட்சையில் பத்து வரி நிரலைக் கொடுத்து, “இரண்டு த்ரெட்கள் இதை ஒரே நேரத்தில் ஓட்டினால் எந்தெந்த விடைகள் வரலாம்?” என்று கேட்டிருந்தார்கள். த்ரெட் என்பது ஒரு நிரலுக்குள் நினைவகத்தைப் பகிர்ந்துகொண்டு தனியாக ஓடும் ஓர் ஓட்டம். அந்தப் பக்கத்தை வெறுமையாகக் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த வருடம் மறுபடி எழுதினேன். அதற்கு முன் ஒரு சீனியர் அக்கா சொல்லிக்கொடுத்த ஒற்றைக் கேள்விதான் என்னைக் கரை சேர்த்தது. எந்த நிரலைப் பார்த்தாலும் இப்படிக் கேட்கச் சொன்னார்: “இந்த வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையில் நிறுத்தினால் என்ன ஆகும்?” கீழே உள்ள பதில்களில் பாதி அந்தக் கேள்வியின் வேறு வேறு வேடங்கள்தான்.

எங்கிருந்து தொடங்குவது? பாடநூலின் முதல் அத்தியாயத்திலிருந்தா?

வேண்டாம். முதல் அத்தியாயம் எல்லாவற்றையும் தொட்டுவிட்டு எதையும் சொல்லாமல் போகும். புரோசஸ் என்ற அத்தியாயத்தில் தொடங்குங்கள். நிரல் என்பது வன்தட்டில் கிடக்கும் ஒரு கோப்பு. அது ஓடத் தொடங்கினால் புரோசஸ். அதை நடுவில் நிறுத்தி, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரவேண்டுமென்றால் எதையெல்லாம் எழுதிவைக்க வேண்டும்? எந்த வரியில் நின்றது, செயலிக்குள் இருக்கும் ரெஜிஸ்டர்கள் என்ற சின்ன இடங்களில் என்ன இருந்தது, எந்தக் கோப்புகள் திறந்திருந்தன, நினைவகத்தில் எந்தப் பகுதி அதனுடையது. இந்தக் குறிப்பேட்டுக்குத்தான் புரோசஸ் கட்டுப்பாட்டுத் தொகுதி என்று பெயர். உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படித்தவர்கள் அந்தப் படத்தை வரைந்திருப்பீர்கள். ஆனால் ஏன் அந்தக் கட்டங்கள் அங்கே இருக்கின்றன என்று யாரும் கேட்டிருக்கமாட்டீர்கள்.

ஃபோர்க் மூன்று முறை வந்தால் எத்தனை புரோசஸ்?

எட்டு. ஃபோர்க் என்பது ஓடும் புரோசஸை நகலெடுத்துப் பிள்ளைப் புரோசஸ் ஒன்றைப் பிறப்பிக்கும் கட்டளை. ஒவ்வொரு ஃபோர்க்கும் அந்த நேரத்தில் உள்ள எல்லோரையும் இரட்டிப்பாக்குகிறது: இரண்டு, நான்கு, எட்டு. புதிதாகப் பிறந்தவை ஏழு. இந்த ஒன்றைத் தவறவிட்டு “எட்டுப் பிள்ளைகள்” என்று எழுதுகிறவர்கள் வருடத்துக்கு இரண்டு பேராவது இருக்கிறார்கள்.

இதைவிடச் சுவையான ஒன்றைச் செய்து பாருங்கள். சி மொழியில், வரி முறிவுக் குறி போடாமல் “வணக்கம்” என்று அச்சிடும் கட்டளை ஒன்று. அதற்கு அடுத்த வரியில் ஃபோர்க். அச்சிடுவது ஃபோர்க்குக்கு முன்னால் நடக்கிறது. ஆகவே ஒரு வணக்கம்தான் வரவேண்டும் என்று அடித்துச் சொல்வீர்கள். ஓட்டினால் “வணக்கம்வணக்கம்” என்று வரும். காரணம், அச்சிடச் சொன்ன எழுத்துகள் உடனே திரைக்குப் போவதில்லை. புரோசஸின் நினைவகத்தில் பஃபர் என்ற தற்காலிக இடத்தில் காத்திருக்கின்றன. ஃபோர்க் நினைவகத்தை நகலெடுக்கும்போது காத்திருக்கும் வணக்கமும் நகலாகிறது. பிறகு தாயும் பிள்ளையும் தத்தம் பஃபரைக் கொட்டிவிட்டுப் போகிறார்கள். வரி முறிவுக் குறியைச் சேர்த்தால் திரையில் ஒன்றுதான் வரும். ஆனால் வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பினால் மறுபடி இரண்டு! ஏன் என்று நான் சொல்லமாட்டேன். பஃபர் எப்போது கொட்டப்படுகிறது என்று தேடிப் பாருங்கள்.

ஷெட்யூலிங் கணக்குகளில் சராசரிக் காத்திருப்பு நேரம் எப்போதும் பிழைக்கிறது. குறுக்கு வழி உண்டா?

ஷெட்யூலிங் என்பது யாரை எப்போது ஓடவிடுவது என்று தீர்மானிப்பது. முடித்த நேரத்திலிருந்து வந்த நேரத்தையும் வேலைக்கான நேரத்தையும் கழியுங்கள். இது போதும். யார் எப்போது ஓடினார் என்ற கோட்டுப்படத்தை மட்டும் ஒழுங்காக வரைய வேண்டும்.

அநுராதபுரச் சந்தியில் ஒரு கொத்து ரொட்டிக் கடையை எடுத்துக்கொள்வோம். கொத்துகிறவர் ஒருவர், இரும்புத் தட்டு ஒன்று. ஒரே நேரத்தில் மூன்று பேர் வருகிறார்கள். ஒருவருக்கு வீட்டு விசேஷத்துக்குப் பார்சல்கள்: 20 நிமிட வேலை. இன்னொருவருக்கு 4 நிமிடம், மூன்றாமவருக்கு 2 நிமிடம். வந்த வரிசையில் செய்தால் காத்திருப்பு 0, 20, 24, சராசரி 14.67 நிமிடம். சின்ன வேலையை முதலில் செய்தால் 2 நிமிடக்காரருக்கு 0, 4 நிமிடக்காரருக்கு 2, பார்சல்காரருக்கு 6, சராசரி 2.67. ஆளுக்கு 4 நிமிடம் என்று சுழற்றினால் காத்திருப்பு 6, 4, 8. சராசரி சரியாக 6.

சின்ன வேலைக்கு முதலிடம் என்பதுதான் வெல்கிறதே, பிறகு ஏன் எல்லோரும் அதையே பயன்படுத்துவதில்லை என்று கேட்பீர்கள். மாலை முழுவதும் 2 நிமிடக்காரர்கள் வந்துகொண்டே இருந்தால் பார்சல்காரர் கடை மூடும்வரை நின்றுகொண்டே இருப்பார். பட்டினி என்று பாடத்தில் வருவது இதுதான். கொத்துக் கடை வாசலில் பட்டினி! இன்னொரு சிக்கல்: யாருக்கு எத்தனை நிமிடம் பிடிக்கும் என்று கடைக்காரருக்குத் தெரியும், கணினிக்கு முன்கூட்டித் தெரியாது, ஊகிக்கத்தான் முடியும். சுழற்சி முறையிலும் செலவு உண்டு. கோழிக் கொத்தைப் பாதியில் ஒதுக்கிவிட்டு மரக்கறிக் கொத்துக்குப் போவதென்றால் தட்டைச் சுரண்டித் துடைக்க வேண்டும். அந்தத் துடைப்புத்தான் கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச். ஒவ்வொரு அரை நிமிடத்துக்கும் ஆளை மாற்றினால் துடைப்பதிலேயே இரவு போய்விடும்.

ரேஸ் கண்டிஷன் என்பதை வாசித்தேன். புரிந்தது போலவும் இருக்கிறது, புரியாதது போலவும் இருக்கிறது.

அது உங்கள் கண்ணெதிரே பிழையான விடை தரும்வரை அப்படித்தான் இருக்கும். இன்றே செய்யுங்கள். பொதுவான மாறி ஒன்று, தொடக்க மதிப்பு 0. இரண்டு த்ரெட்கள். ஒவ்வொன்றும் அந்த மாறியோடு 1 கூட்டுவதைப் பத்து லட்சம் முறை செய்யவேண்டும். முடிவில் 2,000,000 வரவேண்டும். நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரின் மேம்படுத்தலை அணைத்துவிட்டு ஓட்டுங்கள். இல்லாவிட்டால் அது உங்கள் சுற்றையே சுருக்கி ஒரே கூட்டலாக்கி வேடிக்கையைக் கெடுத்துவிடும். வரும் விடை இருபது லட்சத்துக்குக் குறைவாக இருக்கும். மறுபடி ஓட்டினால் வேறொரு எண். மறுபடி வேறொன்று. எங்கள் விறாந்தையில் இதை முதல் முறை பார்க்கிற ஒவ்வொருவரும் தன் மடிக்கணினி பழுதாகிவிட்டது என்றே நினைக்கிறார்கள்.

“ஒன்றைக் கூட்டு” என்பது நமக்கு ஒரு வரி, இயந்திரத்துக்கு மூன்று. மாறியை வாசி, கூட்டு, திரும்ப எழுது. மாறியில் 41 இருக்கிறது. முதல் த்ரெட் 41-ஐ வாசிக்கிறது. அங்கே நிறுத்துங்கள். இரண்டாவது த்ரெட் வந்து 41-ஐ வாசித்து, 42 ஆக்கி, எழுதிவிட்டுப் போகிறது. முதலாவது மறுபடி எழுந்திருக்கிறது. அதன் கையில் இருப்பது பழைய 41. அதை 42 ஆக்கி எழுதுகிறது. இரண்டு முறை கூட்டியாயிற்று, எண் ஒன்றுதான் ஏறியிருக்கிறது.

இதோ, வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு புதிர். அந்த நிரலில் வரக்கூடிய ஆகச் சிறிய விடை என்ன? பெரும்பாலோர் பத்து லட்சம் என்பார்கள். சரியான விடை 2. முதல் த்ரெட் 0-வை வாசித்துவிட்டு உறங்குகிறது. இரண்டாவது தன் சுற்றில் கடைசி ஒன்றைத் தவிர மற்ற 999,999 முறையையும் முடிக்கிறது. முதலாவது எழுந்து, தன் பழைய 0-வோடு ஒன்றைக் கூட்டி 1 என்று எழுதுகிறது. அத்தனை உழைப்பும் அழிந்தது. இப்போது இரண்டாவது, தன் கடைசிச் சுற்றுக்காக அந்த 1-ஐ வாசித்துவிட்டு உறங்குகிறது. முதலாவது மிச்சம் எல்லாவற்றையும் செய்து முடிக்கிறது. கடைசியில் இரண்டாவது எழுந்து 2 என்று எழுதுகிறது. நடைமுறையில் இப்படி அமையாது என்று சொல்லாதீர்கள். அமைய முடியும் என்பதுதான் இந்தப் பாடத்தில் கணக்கு.

மியூடெக்ஸ், செமஃபோர் இரண்டும் ஒன்றுதானே?

உறவுக்காரர்கள், ஒன்றல்ல. ஒரே நேரத்தில் எத்தனை பேர் உள்ளே வரலாம் என்று கட்டுப்படுத்துவதே இரண்டின் வேலையும். கொழும்பிலிருந்து திருகோணமலைக்கு இரவு ரயிலில் வந்தவர்கள் கல்ஓயாச் சந்தியைப் பார்த்திருப்பீர்கள். அங்கே பாதை பிரிந்து ஒன்று மட்டக்களப்புக்கும் ஒன்று நம்மூருக்கும் வருகிறது. நம்மூருக்கு வருவது ஒற்றைத் தண்டவாளம். இரண்டு நிலையங்களுக்கு நடுவில் ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான் இருக்கலாம். நாட்டின் ஒற்றைப் பாதைகள் பலவற்றில் இதற்காகப் பழைய ஏற்பாடு ஒன்று உண்டு. நிலைய அதிபர் சாரதியிடம் ஒரு வளையத்தில் மாட்டிய டேப்ளட் என்ற உலோக வில்லையைக் கொடுப்பார். அது கையில் இல்லாமல் சாரதி அடுத்த பகுதிக்குள் நுழையக்கூடாது. மறுமுனையில் அதைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் இன்னொன்று வெளியே வரும். ஒரு நேரத்தில் வெளியே ஒரே ஒரு டேப்ளட், எடுத்தவரே திருப்பிக் கொடுக்கவேண்டும்: மியூடெக்ஸ்.

இனி நிலையத்தை எண்ணிப் பாருங்கள். ஒரு நிலையத்தில் மூன்று தடங்கள் இருந்தால் மூன்று ரயில்கள் வரை உள்ளே நிற்கலாம். ஒன்று நுழையும்போது மூன்று இரண்டாகிறது; வெளியேறும்போது கூடுகிறது; பூச்சியமானால் அடுத்த ரயில் வெளியே காத்திருக்கும். இது எண்ணும் செமஃபோர். செமஃபோர் என்ற சொல்லே கைகாட்டிக் கம்பத்தின் பெயர்தான். 1960-களின் தொடக்கத்தில் அதைக் கணினிக்குக் கொண்டுவந்தவர் நெதர்லாந்தைச் சேர்ந்த எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. அதனால்தான் குறைப்பதற்கு ‘பி’, கூட்டுவதற்கு ‘வி’ என்று டச்சுச் சொற்களின் முதலெழுத்துகள் இன்னும் நம் குறிப்பேடுகளில் இருக்கின்றன. டச் பே கடற்கரையில் மாலை நடக்கிற ஊர்க்காரர்களுக்கு இது அந்நியமாகத் தெரியக்கூடாது.

போன மாதம் ஒரு தங்கை நல்ல கேள்வி கேட்டாள். “டேப்ளட் இருக்கிறதா என்று பார்க்கும் வரிக்கும், அதை எடுக்கும் வரிக்கும் இடையில் நிறுத்தினால்?” அப்படி நிறுத்தினால் இருவரும் “இருக்கிறது” என்று நினைத்துவிடுவார்கள், பூட்டே பொய்யாகிவிடும். ஆகவே பார்ப்பதும் எடுப்பதும் பிரிக்கமுடியாத ஒரே செயலாக இருக்கவேண்டும். அதை மென்பொருள் தன் கெட்டித்தனத்தால் மட்டும் செய்வது கடினம். வன்பொருள் அதற்கென்றே ஓர் அணுக் கட்டளையை, அதாவது நடுவில் நிறுத்தமுடியாத கட்டளையை, தருகிறது. ரயில்வேயும் நிலைய அதிபரின் நினைவாற்றலை நம்பியிருக்கவில்லை. இரு முனைகளிலும் உள்ள டேப்ளட் பெட்டிகள் மின்கம்பியால் பிணைக்கப்பட்டவை; ஒன்று வெளியே இருக்கும்போது இன்னொன்றை இழுத்தாலும் வராது.

டெட்லாக்கின் நான்கு நிபந்தனைகளை நினைவில் வைப்பது எப்படி?

விடுதிச் சமையலறையில் வையுங்கள். திருவலை ஒன்று, உரல் ஒன்று. இரண்டு பேர் தனித்தனியாகத் தேங்காய்ச் சம்பல் செய்யப் போகிறார்கள். ஒருத்தி முதலில் தேங்காய் துருவுகிறவள். திருவலையில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். மற்றவள் முதலில் மிளகாயையும் வெங்காயத்தையும் இடிக்கிறவள், உரலைப் பிடித்துவிட்டாள். துருவி முடித்தவள் உரலுக்குக் காத்திருக்கிறாள், திருவலையை விட்டு எழும்பவில்லை. இடித்து முடித்தவள் திருவலைக்குக் காத்திருக்கிறாள், உரலை விடவில்லை. பாண் ஆறிக்கொண்டிருக்கிறது. இந்த முட்டுக்கட்டைதான் டெட்லாக்.

ஒரு பொருளை ஒருவர்தான் பிடிக்கலாம். ஒன்றை வைத்துக்கொண்டே இன்னொன்றுக்குக் காத்திருக்கலாம். யாரிடமிருந்தும் பறிக்க முடியாது. காத்திருப்பு வட்டமாக இருக்கிறது. 1971-இல் கோஃப்மனும் உடன் எழுதியவர்களும் வகுத்த நான்கும் இவைதான். ஒன்றை உடைத்தால் போதும். எனக்குப் பிடித்தது வட்டத்தை உடைப்பது: யாராயிருந்தாலும் முதலில் திருவலை, பிறகுதான் உரல் என்று சட்டம் போடுங்கள். டெட்லாக் வராதபடி முன்கூட்டியே கணக்குப் பார்த்துக் கொடுக்கும் வங்கியாளர் அல்காரிதத்தையும் பரீட்சைக்குப் போட்டுப் பழகுங்கள். ஆனால் நாம் அன்றாடம் பயன்படுத்தும் இயங்குதளங்கள் அதை ஓட்டுவதில்லை. யாருக்கு எவ்வளவு தேவைப்படும் என்று முன்கூட்டியே யாரும் சொல்லமாட்டார்கள் என்பதுதான் காரணம்.

இவையெல்லாம் பாடத்துக்குத்தானே? உண்மையில் எங்கே நடக்கிறது?

செவ்வாயில் நடந்தது. 1997 ஜூலை 4 அன்று பாத்ஃபைண்டர் விண்கலம் அங்கே இறங்கியது. சில நாட்களில் அதன் கணினி தானாகவே மீளத் தொடங்க ஆரம்பித்தது. முன்னுரிமை குறைந்த வானிலைப் பணி ஒன்று ஒரு மியூடெக்ஸைப் பிடித்திருந்தது. முன்னுரிமை கூடிய பணி அதற்காகக் காத்திருந்தது. நடுத்தர முன்னுரிமைப் பணி ஒன்று உள்ளே புகுந்து, வானிலைப் பணியை ஓடவிடாமல் தடுத்தது. ஆகப் பெரியவர் ஆகச் சிறியவருக்காகக் காத்திருக்க, இடையில் நிற்பவர் வழிவிடவில்லை. பெரிய பணி நேரத்துக்கு முடியாததைக் கண்ட கண்காணிப்பு ஏற்பாடு முழுவதையும் அணைத்துத் தொடங்கியது. மியூடெக்ஸைப் பிடித்திருப்பவருக்குக் காத்திருப்பவரின் முன்னுரிமையைத் தற்காலிகமாகக் கொடுக்கும் வசதி அந்த இயங்குதளத்தில் ஏற்கெனவே இருந்தது; அணைத்து வைத்திருந்தார்கள். பூமியிலிருந்து அதை இயக்கிவிட்டார்கள். பாடத்தில் அரைப் பக்கமாக வரும் விஷயம்.

பேஜிங் கணக்கில் முகவரியை மாற்றுவது எப்படி?

வகுத்தல்தான், வேறொன்றும் இல்லை. பேஜிங் என்பது நினைவகத்தைச் சம அளவுத் துண்டுகளாக வெட்டுவது: நிரலின் துண்டு பேஜ், ராமில் அது உட்காரும் இடம் ஃபிரேம். பேஜ் அளவு 4096 பைட். முகவரி 8300. வகுத்தால் ஈவு 2, மீதி 108. ஆகவே, 0-விலிருந்து எண்ணினால், 2-ஆம் பேஜ், 108-ஆம் இடம். பேஜ் அட்டவணையில் 2-க்கு எதிரே ஃபிரேம் 5 என்றிருந்தால் 5 × 4096 + 108 = 20,588. மீதி மாறுவதில்லை, ஈவு மட்டும் மாறுகிறது.

பேஜ் மாற்றீட்டில் ஒரு வேடிக்கையைக் கட்டம் போட்ட தாளில் செய்து பாருங்கள். பேஜ்கள் கேட்கப்படும் வரிசை: 1, 2, 3, 4, 1, 2, 5, 1, 2, 3, 4, 5. முதலில் வந்தது முதலில் வெளியேறும் முறையில், மூன்று ஃபிரேம்களோடு 9 தவறுகள் (கேட்ட பேஜ் நினைவகத்தில் இல்லாத தடவைகள்) வரும். நான்கு ஃபிரேம்கள் கொடுங்கள்: 10 வரும். நினைவகத்தைக் கூட்டியபின் தவறுகளும் கூடின! 1969-இல் பெலாடி காட்டிய இந்த முரண், ஆக நீண்ட நேரம் பயன்படாமல் இருந்ததை வெளியேற்றும் முறையில் வராது. மூன்று ஃபிரேம்களில் இருக்கும் பேஜ்கள் எப்போதும் நான்கிலும் இருக்கும் என்பதே காரணம்.

என் மடிக்கணினியில் 4 ஜிபி ராம். பிரவுசரில் இருபது பக்கம் திறந்தால் மவுஸ்கூட நகர்வதில்லை. வைரஸா?

இல்லை. வன்தட்டின் விளக்கு அணையாமல் துடிக்கிறதா என்று பாருங்கள். துடித்தால் அது த்ராஷிங். ஒரு பேஜைக் கொண்டுவர இன்னொன்றை வெளியே தள்ளுகிறது. தள்ளியது அடுத்த கணமே தேவைப்படுகிறது. வேலை செய்யும் நேரம் முழுவதும் சாமான் ஏற்றி இறக்குவதில் போகிறது. பக்கங்களை மூடுங்கள்.

கரண்ட் போனால் எழுதிக்கொண்டிருந்த கோப்பு ஏன் பாழாகிறது?

2022-இல் மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு வந்தபோது, பேட்டரி செத்த பழைய மடிக்கணினியில்தான் நான் வேலை செய்துகொண்டிருந்தேன். கோப்பு முறைமைப் பாடத்தை அப்போதுதான் உண்மையில் படித்தேன்.

ஒரு கோப்பின் முடிவில் நான்கு எழுத்துச் சேர்ப்பதற்குக்கூட வன்தட்டில் சில இடங்களில் எழுதவேண்டும்: எந்தத் தொகுதி காலி என்ற வரைபடம் (புதிய தொகுதி தேவைப்பட்டால்), கோப்பின் விவரங்களை வைத்திருக்கும் ஐநோட், பிறகு தரவு. இவற்றுக்கு இடையில் மின்சாரம் போனால்? ஐநோட் எழுதப்பட்டு வரைபடம் எழுதப்படாவிட்டால், கோப்பு தன்னுடையது என்று நினைக்கும் தொகுதியை முறைமை காலி என்று நினைக்கும். நாளை வேறொரு கோப்புக்குக் கொடுத்துவிடும். ஜர்னலிங் இதற்கான மருந்து. செய்யப்போவதை முதலில் நாட்குறிப்பில் எழுதி, “முடிந்தது” என்று கையெழுத்திட்டு, பிறகுதான் உரிய இடங்களில் எழுதும். மீண்டும் கரண்ட் வந்ததும் குறிப்பைப் பார்க்கும். கையெழுத்து இருந்தால் திரும்பச் செய்யும். இல்லாவிட்டால் நடக்காதது போல விட்டுவிடும். லினக்ஸில் இது 2001-இல் ஈஎக்ஸ்டி3 என்ற கோப்பு முறைமை வழியாகப் பரவலாக வந்தது. ஒன்றை மறக்காதீர்கள்: ஜர்னல் பெரும்பாலும் முறைமையின் ஒழுங்கைத்தான் காக்கிறது, நீங்கள் சேமிக்காத கட்டுரையை அல்ல.

விரிவுரை ஆங்கிலத்தில். பள்ளியில் படித்தது தமிழில். எந்தச் சொற்களில் படிப்பது?

பள்ளியில் பணிசெயல் முறைமை, முறைவழியாக்கி என்று படித்துவிட்டு வந்தவர்கள் முதல் மாதம் தடுமாறுவது இயல்பு. பெயர்ச்சொற்களை விரிவுரையில் வந்தபடியே வைத்துக்கொள்ளுங்கள். பரீட்சைத் தாளில் அவைதான் வரும். வினைச்சொற்களைத் தமிழில் வையுங்கள். யார் பிடிக்கிறார், யார் விடுகிறார், யார் காத்திருக்கிறார், யார் எழுப்புகிறார் என்று உங்கள் வாயால் ஒருவருக்குச் சொல்லிப் பாருங்கள். சொல்லும்போது எங்கே நா தடுமாறுகிறதோ, அங்கேதான் உங்களுக்குப் புரியவில்லை.

லினக்ஸ் கட்டாயமா?

ஆம். விண்டோஸை அழிக்கத் தேவையில்லை. விண்டோஸுக்குள்ளேயே ஓடும் மெய்நிகர் இயந்திரத்தில் போட்டால் போதும்.

லினக்ஸின் மூல நிரலைப் படிக்கலாமா?

கோடிக்கணக்கான வரிகள், தொலைந்துபோவீர்கள். அமெரிக்காவின் எம்ஐடியில் மாணவர்களுக்காகவே எழுதிய எக்ஸ்வி6 என்ற சிறிய இயங்குதளம் இருக்கிறது. சில ஆயிரம் வரிகள்தான், இலவசம். ஷெட்யூலர் இருக்கும் கோப்பை அச்சிட்டு, பென்சிலோடு ஒரு வாரம் உட்காருங்கள்.

கடந்தகால வினாத்தாள்கள் செய்தால் சித்தியடையலாமா?

அடையலாம். அடுத்த பருவத்தில் வலையமைப்புப் பாடத்தில் த்ரெட் வரும்போது என்னிடம் மறுபடி வருவீர்கள், அவ்வளவுதான்.

சனிக்கிழமை வரும்போது என்ன கொண்டு வரவேண்டும்?

பென்சில், அழிறப்பர், கட்டம் போட்ட கொப்பி. மடிக்கணினியை வீட்டிலேயே சார்ஜ் செய்துகொண்டு வாருங்கள். விறாந்தையில் ஒரே ஒரு பிளக்தான் வேலை செய்கிறது. மூதூரிலிருந்து வருகிற தம்பி மூன்று மணிக்கே வந்து அதைப் பிடித்துவிடுகிறான், கடைசி பஸ்ஸுக்குப் புறப்படும்வரை விடுவதில்லை. ஆளுக்கு இருபது நிமிடம் என்று போன வாரம் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.